கரைப் பக்கம், ஏழாவது மாடி

1

கப்பல் கம்பெனியிலிருந்து மெயில் வந்திருக்கிறது. நாலு தடவை வந்துவிட்டீர்கள், நன்றி என்று போட்டிருந்தது. ஐந்தாவது தடவை வந்தால் அறையில் பழக்கூடை வைப்பார்களாம். கூட்டத்தில் நிற்காமல் தனி வழியில் ஏறலாமாம். மகள் நிலா படித்துக் காட்டினாள்.

"அதே ரூம் கேளுங்கப்பா" என்றான் மகன் நித்தின். அவனுக்குப் பதினாறு முடிந்துவிட்டது.

பார்க்கலாம் என்றேன். மூன்று வாரம் ஆகிறது.

நான் டப்ளினில் இருக்கிறேன். ஒன்பது வருசம். டிப்போவில் பஸ் கழுவுகிறேன். மனைவி கலா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வேலைக்கு வந்தாள். நான் அவளோடு வந்தேன். முதல் விசாவில் அப்படித்தான் போட்டிருந்தது, அவளைச் சார்ந்தவன் என்று. எங்கள் அண்ணன் அதை வெளியே சொல்ல மாட்டார். தம்பி அயர்லாந்தில் பெரிய கம்பெனியில் இருக்கிறான் என்பார்.

சொந்த இடம் நொச்சிக்குப்பம். படிப்பு ஒன்பதாவது. மூணு வருசம் அண்ணனோடு கடலுக்குப் போனேன். எனக்கு வாந்தி நிற்கவில்லை. அதனால் ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறையில் சேர்ந்தேன். அங்கே கை வெட்டுப்பட்டு அடையாறு ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். போட்டவள் கலா. மேற்கு மாம்பலத்துப் பெண். மீதியை எழுத வேண்டியதில்லை.

கப்பலைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

2

இங்கே வந்து ஐந்து வருசம் கழித்துத்தான் முதல் தடவை ஊருக்குப் போனோம். பன்னிரண்டு நாள் அண்ணன் வீட்டில் இருப்பதாகத் திட்டம். ஹவுசிங் போர்டு வீடு. ஒரு ஹால், ஒரு ரூம். ரூமை எங்களுக்குக் கொடுத்துவிட்டு அண்ணனும் அண்ணியும் வெளியே நடையில் படுத்தார்கள். நாலாவது நாள் நிலாவுக்குக் கொசுக்கடியில் முகம் வீங்கிவிட்டது. நித்தின் அந்த பாத்ரூமுக்குப் போக மாட்டேன் என்றான். கலா பிள்ளைகளை மாம்பலத்துக்கு, அவள் அப்பா வீட்டுக்குக் கூட்டிப் போனாள். அங்கேயும் அழுகைதான். கடைசியில் தி.நகரில் ஹோட்டல் எடுத்தோம்.

பாண்டி பஜாரில் துணி எடுக்கப் போனபோது ஒருத்தர் நோட்டீஸ் கொடுத்தார். சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல். ரெண்டு ராத்திரி. நீச்சல் குளம், சினிமா, வேளாவேளைக்குச் சாப்பாடு. நித்தின் அந்த நோட்டீஸைக் கையிலிருந்து விடவில்லை. எடுத்துவிட்டோம்.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். சிரித்தார்.

"காசு குட்த்து கடல்ல போறியாடா? எங்கிட்ட சொன்னா நானே இட்டுனு போமாட்டேன்?"

"உன் போட்டுல நீச்சல் குளம் கீதாண்ணே?"

"குதிச்சா அத்தினியும் குளந்தான்டா. சரி, எந்த ஊருக்குப் போவுது?"

"எந்த ஊருக்கும் போகாது. சும்மா கடலுக்குள்ள போய்ட்டுத் திரும்பிடும்."

"மீனும் புடிக்காது, ஊருக்கும் போவாது. அப்பறம் இன்னாத்துக்குடா போவுது?"



எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். வீட்டில் யாராவது புதுப் போட்டு வாங்கி முதல் தடவை இறக்கினால், சொந்தக்காரர் போட்டு ஒன்று கொஞ்ச தூரம் கூடப் போகும். அலை தாண்டி, கரை சின்னதாகத் தெரிகிற வரைக்கும் போகும். பிறகு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத் திரும்பும். வுட்டுட்டு வர்றது என்று சொல்வோம். எங்க நைனா உயிரோடு இருந்தபோது அண்ணன் போட்டை அப்படித்தான் வுட்டுட்டு வந்தார்.

"நீ மொத தபா கப்பல்ல போற. நான் வுட்டுட்டு வர்றதில்லியா?" என்றார் அண்ணன்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் கப்பல் துறைமுகச் சுவரைத் தாண்டித் திரும்பியபோது வந்துவிட்டார். தனியாக. தீப்பெட்டி மாதிரி ஃபைபர் போட்டு. எங்களுக்கு அடையாளம் தெரியட்டும் என்று அண்ணியின் சிவப்புப் புடவையை மூங்கிலில் கட்டி நட்டிருந்தார். நிலாவுக்கு அப்போது எட்டு வயசு. கம்பியைப் பிடித்துக்கொண்டு "பெரியப்பா! பெரியப்பா!" என்று கத்தினாள். நித்தினும் கத்தினான். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் கைகாட்டினார்கள். கப்பல் ஒரு தடவை ஆரன் அடித்தது.

திரும்பி வந்ததும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"கேட்டியா? எனக்கு ஆரன் அட்ச்சான்."

"வழியில நிக்காதன்னு எல்லாப் போட்டுக்கும் அடிப்பாங்கண்ணே."

"போடா. கேப்டன் என்னியப் பாத்துத்தான்டா அட்ச்சான்."

குப்பம் முழுக்கச் சொல்லிவிட்டார். அடுத்த வருசமும் வந்தார். அதற்கடுத்த வருசமும் வந்தார்.

கப்பல் மாறவில்லை. அதே அறைகூடக் கேட்டு வாங்கினோம். அங்கே பரிமாறுகிறவர் நித்தினைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். குப்பத்தில் இருக்கிற நாள்தான் குறைந்தது. ரெண்டாவது வருசம் மூணு நாள். மூணாவது வருசம் ஒரு மத்தியானச் சாப்பாடு. ஊருக்கு எதற்குப் போகிறோம் என்று பிள்ளைகளைக் கேட்டால் கப்பலுக்கு என்று சொன்னார்கள். நான் திருத்தவில்லை.

மூணாவது தடவை போட்டு கொஞ்சம் தள்ளியே நின்றது. நிலா சரியாகப் பார்க்கவில்லை. புள்ளி மாதிரி இருந்தார் என்றாள். அதை அண்ணனிடம் போனில் சிரித்துக்கொண்டே சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

3

இங்கே என் நாள் விடியலில் தொடங்குகிறது. பஸ் உள்ளே வரும். உள்பக்கம் பெருக்கி, வெளிப்பக்கம் தண்ணீர் அடித்து அனுப்ப வேண்டும். குளிரில் விரல் மடங்காது. பேச்சு அதிகம் இல்லை. சேர்ந்த புதிதில், வேலை முடிந்து கிளம்பும்போது போய்ட்டு வரேன் என்பதை அப்படியே இங்கிலீஷில் சொல்வேன். மேஸ்திரி நான் திரும்பி வருவேன் என்று நினைத்து கேட்டைப் பூட்டாமல் காத்திருந்தார். மூணு நாள் காத்திருந்தாராம்.

பிள்ளைகளின் தமிழ் வருசா வருசம் தேய்ந்தது. வாரா வாரம் அண்ணனுக்குப் போன் போடுவேன்.

"இன்னா நைனா, சாப்ட்டியா?" என்று நித்தினைக் கேட்பார்.

"ம்."

"இன்னா சாப்ட்ட?"

போன் என் கைக்கு வந்துவிடும். நிலா ஒரு ஹாய் சொல்வாள். தமிழில் ஒரு வார்த்தை பேசு என்று அவளிடம் கெஞ்சியிருக்கிறேன். தப்பாகப் பேசினால் நீங்கள் சிரிப்பீர்கள் என்றாள். உண்மைதான். சிரித்திருக்கிறேன்.

கலாவுக்கும் பிள்ளைகளுக்கும் இந்த நாட்டுக் குடியுரிமை வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. காரணம் என் பிறப்புச் சான்றிதழ். அதில் பேரே இல்லை. ஆண் குழந்தை என்று மட்டும் இருந்தது. இந்த ஆண் குழந்தை நீதான் என்பதற்கு என்ன சாட்சி என்று இங்கே கேட்டார்கள். நியாயமான கேள்வி.

அண்ணன்தான் அலைந்தார். கார்ப்பரேஷன் ஆபீஸ், நான் படித்த பள்ளிக்கூடம், நோட்டரி. கடலுக்குப் போகாமல் வரிசையில் நின்றார். பேர் சேர்த்துச் சான்றிதழ் வாங்கிவிட்டார். வாங்கினவர் நேரே கடைக்குப் போய் லேமினேஷன் போட்டுவிட்டார். தண்ணி படக்கூடாதாம். அவருக்குக் காகிதம் என்றால் முதல் பயம் தண்ணீர்தான். லேமினேஷன் போட்ட காகிதத்தில் வெளிநாட்டுக்கு அனுப்புகிற அரசாங்க முத்திரை வைக்க மாட்டோம் என்று ஆபீசில் திருப்பிவிட்டார்கள். மறுபடி முதலிலிருந்து அலைந்தார். ஒரு வார்த்தை சலித்துக்கொள்ளவில்லை.

"நீ பொறந்தது உண்மைன்னு நிரூபிக்கிறதுக்குள்ள நான் செத்துருவேன் போலக் கீதுடா" என்றார். அவ்வளவுதான்.

அந்தக் குடியுரிமை விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு. எந்த நாட்டிலாவது உங்கள் பேரில் போலீஸ் விசாரணை, வழக்கு இருக்கிறதா? இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டேன். முடிவு வருவதற்குள் ஏதாவது மாறினால் உடனே தெரிவிக்க வேண்டும் என்று கீழே இருந்தது. நித்தின்தான் படித்துச் சொன்னான். அவன் மறக்கிற பையன் இல்லை.

4

போன ஜூலையில் நாலாவது தடவை. குப்பத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தோம். கார் வைத்துக்கொண்டு போனோம். ஏசி போட்டிருந்ததால் பிள்ளைகள் இறங்கவில்லை. கலா இறங்கிப் பையைக் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் மீன் விற்கிறவர். குரல் பெரிசு. அன்று தாழ்த்திப் பேசினார்.

"தம்பி, போன மாசம் மெரைன் போலீசு வந்து சொல்ட்டுப் போச்சி. கப்பல் போற பாதையில போட்டு வர்க்கூடாதாம். வந்தா புட்ச்சிருவாங்களாம். உங்கண்ணன் நான் சொன்னா கேக்க மாட்டேங்குறாரு. இந்த வர்சம் வாணாம்னு நீ ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னா கேப்பாரு."

"சொல்றேன் அண்ணி."

அண்ணன் கார் பக்கம் நின்று கண்ணாடியைத் தட்டினார். நித்தின் பாதி இறக்கினான்.

"நைனா, எந்தப் பக்கம் நிப்பீங்கோ?"

நித்தின் என்னைப் பார்த்தான். நான்தான் சொன்னேன்.

"கரைப் பக்கம்ணே. ஏழாவது மாடி."

"இந்த தபா கிட்ட வர்றேன். பாப்பா புள்ளி மாதிரி தெர்ஞ்சேன்னு சொல்ச்சில்ல?"

அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் காரில் ஏறிவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று பலதடவை யோசித்தேன். மறக்கவில்லை. வரட்டும் என்று இருந்தது. அந்தக் கப்பலில் எத்தனையோ பேர் ஏறுகிறார்கள். டாக்டர், நகைக்கடைக்காரர், கம்ப்யூட்டர்காரர். கடலில் வந்து வழியனுப்ப ஆள் இருப்பது எனக்கு மட்டும்தான். இந்த ஒன்றில்தான் நான் யாரையும் சார்ந்தவன் இல்லை.

5

துறைமுகத்தில் ரெண்டு வரிசை. கலாவும் பிள்ளைகளும் வெளிநாட்டார் வரிசையில் நின்றார்கள். நான் இந்தியர் வரிசை. இந்தியாவில் தங்கும் முகவரி என்று ஒரு இடம் இருந்தது. நித்தின் தி.நகர் ஹோட்டல் பேரை எழுதினான்.

சாயங்காலம் கப்பல் நகர்ந்தது. மேலே பாட்டுப் போட்டிருந்தார்கள். நான் ஏழாவது மாடியில் கம்பி ஓரம் நின்றேன். கலா அறையில் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளை வாருங்கள் என்று கூப்பிட்டதும் வந்தார்கள். அந்த அளவுக்கு நல்ல பிள்ளைகள்.

சுவரைத் தாண்டினோம். சிவப்புப் புடவை தெரிந்தது. கையைத் தூக்கி ஆட்டினேன்.

சொன்னபடி கிட்ட வந்தார். ரொம்பக் கிட்ட. எழுந்து நின்று, ஒரு காலால் எஞ்சின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரெண்டு கையையும் ஆட்டினார். முகம் தெரிந்தது. பல் தெரிந்தது.

அப்போது பின்பக்கமிருந்து ரோந்துப் படகு வந்தது. சைரன் அடித்துக்கொண்டே வந்தது. அண்ணன் போட்டை வளைத்துக்கொண்டது. ரெண்டு பேர் தாவி இறங்கினார்கள். மூங்கிலைப் பிடுங்கிப் போட்டார்கள். அண்ணன் மேலே எங்கள் பக்கம் கையைக் காட்டிக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

கம்பி ஓரம் கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லோரும் போனில் படம் பிடித்தார்கள்.

"யாரு சார் இவனுங்க, குண்டு கிண்டு வெச்சிருப்பானோ?" என்றார் என் பக்கத்தில் ஒருத்தர். மடிப்புக் கலையாத சட்டை.

"ஏதாவது காசு போடுவாங்கன்னு வந்திருப்பான், பாவம்" என்றாள் அவர் மனைவி.

கொஞ்ச நேரத்தில் கப்பல் அதிகாரி ஒருவர் வந்தார். வெள்ளை உடுப்பு, கையில் வயர்லெஸ். வடக்கத்திக்காரர். கம்பி ஓரம் நின்ற ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். என் முன்னால் நின்றார். இங்கிலீஷில் கேட்டார்.

"சார், அந்தப் படகில் இருக்கிறவர் உங்களுக்குத் தெரிந்தவரா?"

நித்தின் என் முழங்கையைப் பிடித்தான். இறுக்கிப் பிடித்தான். காதருகே ரெண்டு வார்த்தை சொன்னான். உங்க பேப்பர் என்றான்.

அந்தப் பக்கம் நிலா. கம்பியைப் பிடித்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னாள். தமிழில்.

"அப்பா, அது பெரியப்பா."

எத்தனை வருசம் கெஞ்சினேன். அன்றைக்குப் பேசினாள். சுத்தமாக வந்தது. அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நோ" என்றேன்.

அந்த ஒரு வார்த்தை எனக்கு நன்றாக வந்தது. அதிகாரி தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போனார். கடைசி ஆள் வரை கேட்டுவிட்டு வயர்லெஸ்ஸில் ஏதோ சொன்னார். கீழே ரோந்துப் படகு அண்ணன் போட்டைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனது.

நிலா கம்பியிலிருந்து கையை எடுத்தாள். அறைக்குப் போய்விட்டாள்.

ரெண்டு நாள் கடலில் போனுக்கு சிக்னல் எடுக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டார்கள், சாப்பிட்டேன்.

6

இறங்கின அன்று இரவு எங்களுக்கு பிளைட். கலாவையும் பிள்ளைகளையும் மாம்பலத்துக்கு அனுப்பிவிட்டு நான் ஆட்டோவில் குப்பத்துக்குப் போனேன்.

அண்ணி மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"போட்டையும் எஞ்சினையும் புட்ச்சி வச்சிக்கினாங்க. கேஸ் எழுதிட்டாங்க. தெனம் போய்க் கையெழுத்து போடணும். இப்பகூட அங்கதான் போயிக்கீறாரு" என்றார். செதிலைத் தட்டிவிட்டுக் கேட்டார். "அன்னிக்கு வாணாம்னு சொன்னியா தம்பி?"

"இல்ல அண்ணி."

அடுத்த மீனை எடுத்து வைத்தார். 

அண்ணன் வந்தார். அதே சிரிப்பு.

"இன்னாடா, கப்பல்ல பிரியாணி போட்டானா? பாப்பா பாத்துச்சா என்னிய?"

"பாத்துச்சுண்ணே. பெரியப்பான்னு சொல்லுச்சு."

"சொல்ச்சா! இந்த தபா மூஞ்சி தெர்ஞ்சிதா?" என்று தொடையில் தட்டிக்கொண்டார். பிறகு கை நின்றது. "யார்கிட்ட சொல்ச்சு?"

"எங்கிட்ட."

"நீ பக்கத்துல கீறியா அப்போ?"

நான் தலையாட்டினேன்.

அண்ணன் கீழே உட்கார்ந்தார். 

"போலீசாண்ட சொன்னேன்டா. என் தம்பி மேல கீறான் சார், கரைப் பக்கம், ஏழாவது மாடி, கேட்டுப் பாருங்கோன்னு. அவங்களும் நல்லவங்கதான். சொந்தக்காரன்னு மேலருந்து ஒருத்தர் சொன்னாப் போதும், எச்சரிச்சு வுட்டுட்றோம்னாங்கோ. வயர்லெஸ்ல கேட்டாங்கோ. அங்க யாருக்கும் இவனத் தெரியாதாம்னு பதில் வந்துச்சு."

அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"நான்கூடச் சொன்னேன், அவன் பாத்திருக்க மாட்டான் சார், சாப்புடப் போயிருப்பான்னு."

"அண்ணே, இப்ப ஸ்டேஷனுக்கு வரேன். நான்தான் தம்பின்னு எழுதிக் குடுக்கிறேன்."

"இப்ப சொன்னா உம் பேரயும் சேத்து எழுதுவான். ஒன் பேப்பரு கெட்டுப்பூடும். எத்தினி மணிக்கு பிளைட்டு?"

சொன்னேன்.

"அப்பக் கெளம்பு. ரோட்டுல டிராபிக் கீது."

கிளம்பினேன். வற்புறுத்தியிருக்கலாம். ஒருதடவைக்கு மேல் கேட்கவில்லை.

7

போட்டைத் திருப்பிக் கொடுக்க நாலு மாசம் ஆனது. வெளியில் கிடந்து எஞ்சினில் துரு ஏறிவிட்டதாம். அண்ணன் இப்போது வேறொருத்தர் போட்டில் கூலிக்குப் போகிறார். இதையெல்லாம் சொன்னது மாம்பலத்து மாமனார். அவர் குப்பத்தில் மீன் வாங்குவார். போன் போட்டால் அண்ணிதான் எடுக்கிறார். கடலுக்குப் போயிருக்கிறார் என்கிறார். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் அதுதான் பதில். எந்த நேரத்தில் யார் கடலில் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா?

கலாவிடம் கப்பலுக்கு நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். நீங்கள் மூணு பேரும் போங்கள் என்றேன். அவள் ஏன் என்றாள். நித்தின் கேட்கவில்லை. நானும் வரலை என்றாள் நிலா, தமிழில். அவளுக்கு நான் என்ன சொல்வது?

போன வாரம் அரசாங்கக் கடிதம் வந்தது. குடியுரிமை கிடைத்துவிட்டது. டிப்போவில் கேக் வெட்டினார்கள். விண்ணப்பத்தில் நான் போட்ட டிக் பொய்யில்லை. கேஸ் என் பேரில் இல்லை. அண்ணன் பேரில் இருக்கிறது.

கடிதம் வந்த பிறகுதான் இதை எழுதுகிறேன். அதையும் சொல்லிவிடுகிறேன். வருவதற்கு முன்னால் எழுதியிருக்க மாட்டேன்.

அந்த அதிகாரி கேட்டதற்கு இங்கே பதில் எழுதுகிறேன். எனக்கு அவரைத் தெரியும். என் கூடப் பிறந்த அண்ணன். பேர் ஏழுமலை. என்னைப் பார்த்துத்தான் கையாட்டினார்.

குப்பத்தில் இதைப் படிக்கிறவர்கள் படிக்கட்டும். அண்ணனுக்குப் படிக்க வராது. அண்ணிக்கு வரும். படிப்பார். அவரிடம் சொல்ல மாட்டார்.